குறுக்குக் கம்பி

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் பன்னிரண்டு அடி அகலத்தில் மனை கிடைத்தால் வீட்டை மேல்நோக்கித்தான் கட்ட முடியும். கீழே என் கிரில் பட்டறை, அதன் மேல் எங்கள் குடித்தனம், அதற்கும் மேல் மொட்டைமாடி. பட்டறைக்கும் குடித்தனத்துக்கும் நடுவே பதினேழு படிகள். இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு ஒவ்வொரு படியையும் உயரமாக வைக்கச் சொன்னவன் நான்தான். அந்தச் சாமர்த்தியத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தோம். ஆளைவிடப் பெயர் நீளமாக இருந்ததால் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். ஒரு வயது வரை வைத்த இடத்தில் இருந்தாள். அப்புறம் ஒரு நாள் எழுந்து நடந்தாள். அடுத்த நாளே வீட்டில் படிக்கட்டு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

அன்று போனது எங்கள் நிம்மதி. மேல்படியை மறித்து அரிசி மூட்டையை வைத்தோம். அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். சூட்கேஸ் வைத்தோம், தள்ளிவிட்டாள், அது பதினேழு படியும் உருண்டு பட்டறையில் வந்து விழுந்தது. என் மனைவி சரிதா பிளவுஸ் தைப்பவள். மெஷினை இழுத்துப் படி வாசலிலேயே போட்டுக்கொண்டு, ஒரு கண் ஊசியிலும் ஒரு கண் பிள்ளையிலுமாகத் தைத்தாள். நாலு பிளவுஸுக்குக் கை மாறிப் போனது. வாடிக்கைக்காரர்கள் திட்டினார்கள், அவள் என்னைத் திட்டினாள்.

அவளுடைய அக்கா தையல்நாயகி பிள்ளைச்சாவடியில் இருக்கிறாள். தரையோடு தரையாக ஒரே கட்டு வீடு, வாசலில் மணல். பிள்ளை விழுந்தாலும் எழுந்து தட்டிக்கொள்ளும். என் பிள்ளை விழுந்தால் சிமெண்டில் உருண்டு, சூடான இரும்பும் பொறியும் கிடக்கிற பட்டறையில் வந்து விழ வேண்டும். இதைச் சரிதா பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் கேட் போடுறீங்க. நம்ம படிக்கு ஒண்ணு போட இத்தினி மாசமா? ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். இல்லன்னா பாப்பாவத் தூக்கிக்கினு அக்கா ஊட்டுக்குப் போயிடுவேன். இது ஓடியாடி வளர்ற வரைக்கும் அங்கதான்."

அவள் சொன்னால் செய்கிறவள். போனில் ஒரு பிளாஸ்டிக் கேட்டைக் காட்டி, இதையாவது வரவழைக்கலாமே என்று கேட்டிருந்தாள். அதில்தான் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் கேட் போடுகிறவன் வீட்டுக்குக் கேட் பார்சலில் வந்து இறங்கினால், அந்தத் தெருவில் நான் எப்படித் தலைகாட்டுவது?

இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர் மார்செல் ஐயா வீட்டு பால்கனிக்கு ஒரு டிசைன் போட்டிருந்தேன். அலை அலையாகக் குறுக்கே ஓடும் கம்பி, நடுவில் பூ. ஊரே நின்று பார்த்த டிசைன். அதையே இரண்டரை அடி உயரத்துக்குச் சுருக்கி, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, மேலே நீல பெயிண்ட் அடித்து, புதன்கிழமை மாட்டினேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த கேட்டுக்கு நாங்கள் குறுக்குக் கம்பி வைக்கமாட்டோம். வைத்தால் திருடன் கால் வைத்து ஏறிவிடுவான். எல்லாம் செங்குத்தாக நிற்கிற நெட்டுக் கம்பிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் இது. வீட்டுக்குள் திருடன் எங்கே வரப்போகிறான் என்று நினைத்து, ஆசை தீரக் குறுக்குக் கம்பியாக வைத்துவிட்டேன்.

சரிதா தாழ்ப்பாளை நாலு முறை ஆட்டிப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அன்று மெஷினைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்கச் சரிதா போயிருக்கிறாள். கேட் தாழிட்டிருக்கிறது, பிள்ளை உள்ளே விளையாடுகிறது, இரண்டு நிமிஷ வேலைதானே என்று நினைத்திருப்பாள். கீழே நான் இரும்புப் பட்டையை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தேன். துண்டுகள் படியடியில் விழுந்து குவிந்தன. திடீரென்று கரண்ட் போய் மெஷின் நின்றது. அந்த அமைதியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

கேட் சாத்தியபடியே இருந்தது. மகள் இந்தப் பக்கம் இருந்தாள்.

மேலிருந்து மூன்றாவது படியில் குப்புறப் படுத்திருந்தாள். முகம் கேட்டைப் பார்த்து, முதுகு என்னைப் பார்த்து. ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அலைக் கம்பியில் கால் வைத்து ஏறி, பூவைப் பிடித்து இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறாள். என் கையாலேயே அவளுக்கு ஏணி செய்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

கத்த வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் குரல் கேட்டால் போதும், அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்புவாள். தினமும் அப்படித்தான் செய்வாள். அந்தக் கை இப்போது படியைப் பிடித்திருந்தது. ஏறிப் போய்ப் பிடிக்கலாம் என்றால், என் காலடிச் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் காண்பாள்.

மேலே சரிதா வந்துவிட்டாள். கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. தாழ்ப்பாளுக்குக் கை போனது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். புதுத் தாழ்ப்பாள், கிறீச்சென்று கத்தும். அவள் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். உன்னை நம்பித்தானே இப்படி ஆனது, இன்னும் ஒரு முறை நம்பச் சொல்கிறாயா என்று அது கேட்டது. இருந்தும் கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் படியடியில் கிடந்த துண்டுகள் ஞாபகம் வந்தன. அறுத்த சூடு ஆறியிருக்காது. கையுறையோடு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து மணல் பெட்டியில் வைத்தேன். இரும்பைச் சத்தமில்லாமல் வைத்தது என் வாழ்க்கையில் அன்றுதான். ஒரு துண்டு எடுப்பேன், நிமிர்ந்து மகளைப் பார்ப்பேன், மறுபடி குனிவேன்.

துண்டுகள் தீர்ந்த பிறகு பார்க்க மட்டுமே வேலை இருந்தது. பார்த்தேன். அவள் கால் கீழே போகும். கட்டைவிரல் காற்றில் துழாவும். படி தட்டுப்படும். உடனே பாரத்தைப் போட்டுவிடமாட்டாள். இரண்டு முறை அழுத்திப் பார்ப்பாள். பிறகுதான் வயிறு சறுக்கும், கைகள் கடைசியாக இறங்கும். அவள் இடுப்பளவு உயரம் ஒவ்வொரு படியும். என் உயரத்துக்குப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மதில்சுவர் கணக்கு. பதினேழு மதிலை இப்படிப் பின்பக்கமாக என்னை இறங்கச் சொன்னால் நான் மாட்டேன்.

யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பதாவது படியில் நின்று ஒரு எறும்பை விசாரித்தாள். பதினொன்றாவதில் கால் வழுக்கியது. மார்பைப் படியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டு, அதே காலை மறுபடி நீட்டினாள். எனக்குப் பயம் இருந்தது. ஆனாலும் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று எனக்குள் நிறைந்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. இவள் என் மகள் என்பதே அப்போது நம்பும்படியாக இல்லை.

கடைசிப் படியிலிருந்து தரையைத் தொட்டதும் நிமிர்ந்து நின்று கவுனை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். நான் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மேலே தாழ்ப்பாள் கத்தியது, சரிதா ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மகளின் இரண்டு பாதத்தையும் கையில் ஏந்தி, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அந்த அலையையும் பூவையும் அறுத்தெறிந்தேன். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நெட்டுக் கம்பி வைத்து மாட்டினேன். பார்க்க ஜெயில் கதவு மாதிரி இருந்தது. சரிதா தாழ்ப்பாளை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாளைக்குப் பிள்ளைச்சாவடிக்குப் போவாளா மாட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை, மகள் தூளியில் தூங்கும்போது, சரிதா புடவையைச் செருகிக்கொண்டு மேல்படியில் குப்புறப் படுத்தாள். மகள் இறங்கியது போலவே காலைப் பின்னால் விட்டு இறங்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது படியில் அவள் நின்றுவிட்டாள்.

"கீழ ஒண்ணுமே தெரியலங்க," என்றாள். "அடுத்த படி இருக்குதா இல்லியான்னே தெரியல. இருக்கும்னு நெனச்சித்தான் ஒவ்வொரு வாட்டியும் கால உட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பை எதுவும் கட்டப்படவில்லை. காபி குடித்துவிட்டுச் சரிதா என்னைக் கீழே போய் நிற்கச் சொன்னாள். பிறகு தானே கேட்டைத் திறந்து, மகளைத் தூக்கி மேல்படியில் விட்டாள். அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி தானும் நின்றுகொண்டாள்.

"எறங்குடி தங்கம்," என்றாள்.

மகள் திரும்பிக் குப்புறப் படுத்தாள். சரிதா தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே நின்ற எனக்கு அந்தக் கைகள்தான் தெரிந்தன. விரல்கள் வெளுத்திருந்தன. கடைசிப் படி வரை அவள் அவற்றை விடவேயில்லை.