ஜமேதார் கஞ்சி குடித்ததா?

பட்டாளத்தில் இத்தனை வருஷம் இருந்தும் சங்கிலிப்பாண்டிக்கு ஜமேதார் பதவி கிடைக்கவில்லை. மெசபடோமியாவில் மணலைத் தின்றுவிட்டு, போன மாதிரியே சிப்பாயாக ஊர் திரும்பினார். பிறகு ஒரு செவலை நாய்க்குட்டியை வாங்கி அதற்கு ஜமேதார் என்று பெயர் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவர் முகத்துக்கு நேரே சிரித்த ஆளும் கிடையாது.

நாய் வளர்க்கிறவர் என்ற பேர் அவருக்கு, பாடெல்லாம் அவர் மனைவி வடிவம்மாளுக்கு. உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவது, வாய்க்காலில் குளிப்பாட்டுவது, கம்பங்கஞ்சி காய்ச்சி மோர் விட்டு ஆற்றி வைப்பது எல்லாம் அவள்தான். சாயங்காலம் அதைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், "நம்ம நாயை ஒரு நாள் கட்டிப் போட்டதில்ல" என்று பெருமை பேசுவது மட்டும் அவர். அந்த ஒரு வேலையை அவர் குறைவில்லாமல் செய்தார்.

"ஒரு சங்கிலி வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவ சொல்லுதேன்? ராத்திரி அது எங்க போகுது, எதுகூட மல்லுக்கு நிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்பாள் வடிவம்மாள்.

"ஏட்டி, கட்டிப் போட அது என்ன கன்னுக்குட்டியா? ஜமேதார்ட்டி அது."

அது எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தில் கூட்டம். கூட்டம் இருந்தால் எச்சில் இலை. எச்சில் இலை இருந்தால் நாலு திசை நாயும் அங்கேதான். அந்த வருஷம் ஆனி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஜமேதார் காது கிழிந்து வந்தது. எந்த நாய் கடித்தது, அந்த நாய் என்ன ஆனது, யாருக்கும் தெரியாது. அதைத் தனியாகக் கட்டிப் போட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டவேண்டும் என்றாள் வடிவம்மாள். "ஆம்பிளை நாய்னா காது கிழியத்தான் செய்யும்" என்று மஞ்சளை அப்பிவிட்டுத் தெருவில் விட்டார் அவர். காது ஆறியது. அதோடு எல்லாரும் மறந்தார்கள்.

ஆடிக் கடைசியில் அது குழல்வாய்மொழியைக் கடித்தது.

குழல்வாய்மொழி அடுத்த வீட்டு அய்யாக்குட்டியின் மனைவி. தலைப்பிள்ளை, ஏழு மாதம். சீமந்தத்துக்குப் போட்ட வளையல்கள் இன்னும் கைநிறையக் கிடந்தன. கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தவளை ஜமேதார் குரைக்காமல், உறுமாமல் பின்னால் வந்து கெண்டைக்காலில் ஒரு கடி கடித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மாட்டுத்தொழுவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எத்தனையோ நாள் அவள் கையால் பழைய சோறு தின்ற நாய் அது.

தெரு கூடிவிட்டது. யாரோ சுண்ணாம்பு எடுத்து வந்தார்கள், யாரோ மிளகாய்ப்பொடி. வடிவம்மாள் இரண்டையும் தட்டிவிட்டு, சவுக்காரத்தைப் போட்டு அந்தக் காலைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அதற்குள் சங்கிலிப்பாண்டி வீட்டுக்குள் போய் வெட்டரிவாளோடு வந்துவிட்டார்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. நாய் கடித்தால், வளர்த்தவனே அதைக் கடிபட்டவர் வாசலில் கொண்டுவந்து வெட்டிப் போடவேண்டும். வெட்டிவிட்டால் மானம் தப்பியது, ஒருவரை ஒருவர் பகைக்க வேண்டியதில்லை. கடிபட்டவரின் உடம்புக்குள் என்ன போயிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மானத்தைப் பற்றி அத்தனை யோசித்தவர்கள் அதை யோசிக்க மறந்துவிட்டார்கள்.

வடிவம்மாள் ஓடிப்போய்த் தொழுவின் கதவைச் சாத்தி, முன்னால் நின்றுகொண்டாள்.

"தள்ளுட்டி" என்றார் அவர்.

"வெட்டாதிய. வெட்டிட்டா அதுக்கு வெறி உண்டுமா இல்லையான்னு யாருகிட்டப் போய்க் கேப்பிய? போன வருஷம் நம்ம எருமையைக் கடிச்ச நாயை அடிச்சுக் கொன்னுட்டுப் போய் நின்னமே, அந்த மாட்டு டாக்டர் என்ன சொன்னாரு? கடிச்ச நாய் உசுரோட இருந்தா அதுவே பதில் சொல்லும்னு சொன்னாருல்லா?"

அய்யாக்குட்டிக்குக் கண் சிவந்துவிட்டது. "அக்கா, ஒங்களுக்கு ஒங்க நாய்தான் பெருசாப் போச்சா?"

"எனக்கு ஒம் பொண்டாட்டிதான் பெருசு. அதுக்குத்தான் நாயை வச்சிருக்கேன்."

அவர் அரிவாளைக் கீழே போட்டார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அரிவாளைப் போட்ட பட்டாளத்துக்காரர் என்று தெரு பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குப் பொறுக்கவில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தை மருந்து வைத்துச் சுட்டார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாளைக்கே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பிக்கவேண்டும். வயிற்றில் பதினாலு ஊசி. இரண்டாவது, நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். பத்து நாள் அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம். அய்யாக்குட்டியின் தாய் மாரித்தாய் முதல் பாதியைக் காதிலேயே வாங்கவில்லை.

"புள்ளைத்தாச்சி வயித்துல ஊசியா? நாய் நல்லாத்தானே கிடக்கு. பத்து நாள் பாப்போம். அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்பப் போவோம்."

வடிவம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். கேட்கவில்லை. அன்றிலிருந்து குழல்வாய்மொழியின் உயிரும் வயிற்றுப் பிள்ளையின் உயிரும் ஒரு நாய் கஞ்சி குடிக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றன.

ஜமேதாரைத் தொழுவில் கயிற்றால் கட்டினார்கள். மாட்டை வெளியே மாற்றினார்கள். "இனிமே நான் பாத்துக்கிடுதேன்" என்று கஞ்சிச்சட்டியைச் சங்கிலிப்பாண்டி வாங்கிக்கொண்டார். ஆயுசிலேயே முதல் தடவை. களையெடுப்பு நேரம், வடிவம்மாள் விடிந்ததும் வயலுக்குப் போனால் வெயில் தாழத்தான் வருவாள். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று விட்டுவிட்டாள்.

தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அய்யாக்குட்டி கேட்பான். "அண்ணாச்சி, ஜமேதார் கஞ்சி குடிச்சிட்டா?"

"சட்டியை நக்கி வச்சிட்டு!" என்பார் இவர்.

அதைக் கேட்டபிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஐந்தாறு நாள் கழித்து, தலைவலி என்று வடிவம்மாள் வயலிலிருந்து பாதியில் திரும்பினாள். குப்பைக்குழியில் காக்கைகளும் கோழிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தாள். கம்பங்கஞ்சி. மேலே புதுசாக ஒரு சட்டிக் கஞ்சி, அடியில் புளித்துப்போன பழசு.

தொழுவின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஜமேதார் ஒரு கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. "ஜமேதாரு" என்றாள். அவளைப் பார்த்தது. பார்த்ததில் அவள் யார் என்பது இல்லை. குரைத்தபோது அது வேறு ஏதோ நாயின் குரலாக இருந்தது. குட்டியில் தன் மடியில் போட்டு உண்ணி எடுத்த நாய். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ அவளுக்கு அதிக நேரம் இல்லை.

சங்கிலிப்பாண்டி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"எப்ப இருந்து அது குடிக்கல?"

அவர் நிமிரவில்லை. "முந்தாநாள் கொஞ்சம் நக்கிச்சு."

"முந்தாநாளா? இன்னைக்குக் காலையிலகூட அய்யாக்குட்டிகிட்ட என்ன சொன்னிய?"

"கட்டிப் போட்ட கோவம்ட்டி அதுக்கு. என் நாய்க்கு வெறி வராது. இன்னும் ஒரு நாள் பாப்போம். இப்பப் போய்ச் சொன்னா, அன்னைக்கே வெட்டியிருக்கலாம்லான்னு தெருவே காறித் துப்பும்."

"துப்பட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.

அய்யாக்குட்டி வாசலில் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். "குழலைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. ஜமேதாருக்கு வெறி வந்துட்டு" என்றாள்.

"காலையிலகூட அண்ணாச்சி சட்டியை நக்கி வச்சிட்டுன்னு சொன்னாகளே?"

நாலு பேர் நின்று கேட்கிறார்கள். தொட்டுத் தாலி கட்டியவரைத் தெருவில் வைத்துச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இவர்கள் நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள்.

"அவுக சொன்னது பொய். ரெண்டு நாளா அது சொட்டுத் தண்ணி இறக்கல."

அய்யாக்குட்டி கையிலிருந்த மைக்குழாயை வீசி எறிந்துவிட்டு இவள் வீட்டைப் பார்த்துப் பாய்ந்தான். வடிவம்மாள் குறுக்கே நின்று அவன் கையைப் பிடித்தாள். "அவுகளை அடிக்க ஒனக்கு ஆயுசு முழுக்க நேரம் கிடக்கு. இவளுக்குத்தான் நேரம் இல்ல. வண்டியைப் பூட்டுலே."

போகும்போது அவள் கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். தொழுவின் கதவைத் திறக்காதீர்கள், ஒரு குஞ்சு குருமானைக்கூட அந்தப் பக்கம் விடாதீர்கள். அவர் தலையாட்டினார்.

தென்காசியில் சாயங்கால ரயிலைப் பிடித்தார்கள். மறுநாள் காலை பெரியாஸ்பத்திரியில் முதல் ஊசி. ஊசி தோலுக்கு அடியில்தான் போகும், பிள்ளையைத் தொடாது என்று டாக்டர் மாரித்தாய்க்கு மூன்று தடவை விளக்கினார். குழல்வாய்மொழி வடிவம்மாளின் கையை இறுக்கிப் பிடித்ததில் இரண்டு வளையல் உடைந்தது. வெளியே வந்ததும் தலை சுற்றி, பெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

"வேறு யாரையாவது கடித்ததா? அதன் எச்சில் பட்ட ஆள் யாராவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்த வடிவம்மாளுக்கு, அந்த விரலில் சுற்றியிருந்த துணி கண்ணில் வந்து நின்றது.

அடுத்த ரயிலில் ஊர் திரும்பினாள். ஜமேதார் செத்திருந்தது. சங்கிலிப்பாண்டி கொல்லையின் கடைசியில் ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, தொழுவின் வைக்கோலையெல்லாம் எரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முறையாகச் செய்திருந்தார். இத்தனை முறையும் ஆனி மாதத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

"கையைக் காட்டுங்க."

"அது என்னைக் கடிக்கல."

"காட்டுங்க."

விரலில் கறுத்துப்போன இரண்டு கீறல். "வாயைத் திறந்து கஞ்சியைப் புகட்டிப் பாத்தேன்ட்டி. பல்லு பட்டிச்சு. அது குடிச்சிட்டா நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆயிரும்லா?"

"கிளம்புங்க. ஊசி போடணும்."

"அங்க அய்யாக்குட்டி இருப்பானே."

"இருப்பான். அவன் முன்னாலதான் சொல்லணும்."

துருக்கியன் குண்டுக்கு நடுவே ஓடிய கதையை ஆயிரம் தடவை சொன்ன மனிதர், அந்த ஒரு வார்த்தைக்கு எரிகிற வைக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். வடிவம்மாள் மறுபடி கூப்பிடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ரயிலடிக்கு நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கம்பவுண்டர் கேட்டார். "நாய் யாருடையது?"

அய்யாக்குட்டி தூணோரம் நின்றான். மாரித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழல்வாய்மொழி அன்றைய ஊசியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என் நாய்" என்றார் சங்கிலிப்பாண்டி. "நான்தான் வளத்தேன். கட்டிப் போடாம விட்டதும் நான்தான். கஞ்சியைக் குழியில கொட்டிட்டு, குடிச்சிட்டுன்னு இவுககிட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் உள்ளிருந்து வெளியே வந்தார். "ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரண்டு நாளை நீங்கள் இல்லாமல் செய்திருக்கிறீர்கள், தெரிகிறதா?" என்றார். சங்கிலிப்பாண்டி தெரிகிறது என்று தலையசைத்தார். அய்யாக்குட்டி ஒரு எட்டு முன்னால் வந்தான். கை ஓங்கியது. பிறகு என்ன நினைத்தானோ, கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

குழல்வாய்மொழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில் ஆண்பிள்ளை பெற்றாள். சங்கிலிப்பாண்டியும் தப்பினார். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தான் பிழைப்போமா, வயிற்றில் இருப்பது பிழைக்குமா என்று தெரியாமல்தான் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டப் போனார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஊசி போட்டா தலை சுத்தும் அண்ணாச்சி. நடக்காதிய. இங்கன உக்காருங்க."