மஞ்சள் கோழி வண்டி

பிரேபன் எனக்குத் தரவேண்டியது ஐயாயிரத்து நானூறு குரோன். நார்வே குரோன். மூன்று வருஷமாக அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இருவரும் பெர்கனில் ஒரே கட்டடத்துக்குச் சாரம் கட்டியவர்கள். அவன் கோபன்ஹேகன்காரன். கீழிருந்து அவன் இரும்புக் குழாயை நீட்டுவான், மேலே நின்று நான் வாங்குவேன். ஒருநாள் அவன் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் செய்தி வந்தது. என் படகுக்கு மோட்டார் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். "கோடைக்குள்ள அனுப்பிடறேன் ஓட்வாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். எந்தக் கோடை என்று சொல்லவில்லை.

அதிலிருந்து துடுப்புதான். எங்கள் வீடு கடல்கழியின் இந்தக் கரையில், மீன் கிடைப்பது அந்தக் கரையில். காலமெல்லாம் குழாய் சுமந்த தோள் இந்தக் குளிர்காலத்தோடு படுத்துவிட்டது. இனி துடுப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் இல்லையென்றால் படகை விற்க வேண்டியதுதான். விலை பேச ஓர் ஆளும் வந்தான். அடிப்பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். அவன் தட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தோள் விஷயத்தையும் எழுதி பிரேபனுக்குச் செய்தி அனுப்பச் சொன்னது என் மனைவி மால்ஃப்ரிட். அன்றைக்கே பதில் வந்தது: "சனிக்கிழமை ஃப்ரோகோஸ்டுக்கு வா. கணக்கைத் தீர்த்துடலாம்."

ஃப்ரோகோஸ்ட் என்றால் காலைச் சாப்பாடு. எனக்குச் சந்தேகமே இல்லை. வயது போன பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டி நான் வாசித்த முதல் சொற்களில் அது ஒன்று. புத்தகத்தில் அதன் பக்கத்தில் அவித்த முட்டையும் ரொட்டியும் படம் போட்டிருந்தது.

"பணம் கைக்கு வராம கப்பல் ஏறாதய்யா," என்றாள் மால்ஃப்ரிட். "அவன் கதை விடுவான், பாட்டுப் பாடுவான், நீ பல்லைக் காட்டிட்டு வந்து நிப்ப."

வெள்ளிக்கிழமை கோபன்ஹேகனில் இறங்கி மாலுமிகள் விடுதியில் படுத்தேன். சனிக்கிழமை பிற்பகலில் திரும்பும் கப்பல். காலை எட்டு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு பிரேபனின் குடியிருப்புக்குப் போய்விட்டேன். சாப்பிடக் கூப்பிட்டவன் வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லையே.

பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன இடம் அது. பூட்டை உடைத்து உள்ளே போனவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். கார் உள்ளே வராது. ஒரு வீடு முழுக்க ஜன்னல்களாலேயே கட்டியிருந்தது, ஒன்றுகூட இன்னொன்றின் அளவில் இல்லை. குளியல் அங்கி மட்டும் போட்ட ஒருவர் கையில் காபிக் கோப்பையோடு, வாத்து ஒன்று பின்னால் வர, கால்வாய்ப் பக்கம் போனார். எனக்குக் காலை வணக்கம் சொன்னார். வாத்தும் நின்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனது.

பிரேபனின் கதவு பூட்டியிருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. அடுப்பு சில்லென்று கிடந்தது. மேசையில் ஒரு தட்டுக்கூட இல்லை, காபி வாசம்கூட இல்லை. கூரை மட்டும் புத்தம் புதிதாக, கெட்டியாக இருந்தது. என் மோட்டார் அங்கே மேலே தகடு தகடாக அடித்துக் கிடப்பதாகத் தோன்றியது.

எதிர்வீட்டுக் கூரையில் ஒருவர் பெரிய பித்தளைக் குழல் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரேபன் எங்கய்யா?" என்று கத்தினேன்.

அவர் ஏதோ சொன்னார். டேனிஷ்காரர்கள் எழுதினால் எனக்குப் புரியும். பேசினால் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். "போயிட்டான்", "விடியறதுக்கு முன்னாடி" என்ற இரண்டு மட்டும் காதில் விழுந்தன. அது போதுமானதாக இருந்தது.

பத்து மணி வரை படியில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆனது. மால்ஃப்ரிட்டிடம் என்ன சொல்வது, படகைத் தட்டிய அந்த ஆளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. முன்னால் பெரிய மரப்பெட்டி, பின்னால் மிதிக்கும் இருக்கை. பெட்டியின் பக்கத்தில் மஞ்சள் கோழி ஒன்று வரைந்திருந்தது. பெட்டியைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நல்ல வண்டி. பெர்கனில் கொடுத்தால் பாதிப் பணமாவது தேறும்.

பூட்டு இல்லை. ஏறி மிதித்தேன்.

இரும்புச் சாமான் ஏதோ உள்ளே கிடந்திருக்க வேண்டும், வண்டி அப்படிக் கனத்தது. கல் பாவிய தெருவில் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்துவதற்குள் தோளில் மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தது. 'ஏமாற்றினவன் வண்டி, அதுவும் ஏமாற்றத்தானே செய்யும்' என்று திட்டிக்கொண்டே மிதித்தேன். பாலத்தின் மேட்டில் இறங்கித் தள்ளினேன். எதிரே வந்த பெண் கோழியைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். நானும் கையசைத்து வைத்தேன். வேறென்ன செய்வது?

துறைமுகத்துக்குப் பாதி தூரத்தில் பசி கண்ணை அடைத்தது. ஒரு ரொட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். கடைக்காரம்மா ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது விபேகே வண்டியாச்சே?"

"பிரேபன் வண்டி. அவன் எனக்குப் பணம் தரணும்."

"விபேகே வண்டி," என்று இந்தமுறை நிறுத்தி, நார்வேக்காரனுக்குப் புரியும்படி சொன்னாள். "எங்க கடை ரொட்டி அதுலதான் அந்தப் பக்கம் போகும். கோழி வரைஞ்சது என் மக. உங்க கைக்கு எப்படி வந்துச்சு பெரியவரே?"

முகம் சுட்டது. விவரத்தைச் சொன்னேன். ஃப்ரோகோஸ்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வீட்டில் இல்லாமல் ஓடிப்போனவன், காலை எட்டு மணிக்கே வந்து பட்டினியாக உட்கார்ந்திருந்த நான், எல்லாவற்றையும்.

அவள் மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அடுப்படியைப் பார்த்து, "இங்க வாங்க, இவரு ஃப்ரோகோஸ்டுக்கு எட்டு மணிக்கு வந்தாராம்!" என்று கத்தினாள். அங்கே யாரோ சிரித்த சிரிப்பில் தகரத் தட்டு கீழே விழுந்தது.

"அதுல என்னம்மா சிரிப்பு?"

"பெரியவரே, உங்க ஊர்ல அது காலைச் சாப்பாடு. எங்க ஊர்ல அது மதியச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி எவனும் தட்டு எடுத்து வைக்க மாட்டான். சனிக்கிழமைன்னா அதிகாலையிலயே மீன் வாங்கப் போயிடுவாங்க, நல்ல மீனு சீக்கிரம் தீர்ந்துடும்."

எழுத்து அத்தனையும் சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

அவள் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். "வண்டியைக் கொண்டுபோய் விடுங்க. விபேகே இந்நேரம் ஊரையே ரெண்டாக்கியிருப்பா."

திரும்பும்போது அதே பாலம், அதே மேடு. கோபம் இருந்தபோது தெரியாத கனமெல்லாம் இப்போது தெரிந்தது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். பிரேபன் என்ன நினைப்பான் என்பதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. கடன் கேட்க வந்தவன் திருடிக்கொண்டு போனான் என்று பெர்கன் சாரத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்வான். சொல்லட்டும் என்றும் தோன்றியது. வண்டியை விட்டுவிட்டு, பணம் கேட்காமல், கப்பலேறிவிடுவது என்று முடிவு செய்தேன். படகு போனால் போகிறது.

சந்து முனையிலேயே நின்றிருந்தார்கள். பிரேபன் கையில் மீன் பொட்டலம். பக்கத்தில் பெரிய ஆண்பிள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், இடுப்பில் கைவைத்து.

"வர்றாரு பாரு திருடரு," என்றாள் அவள். விபேகே அவள்தான். "அதுவும் ஃப்ரோகோஸ்டு நேரத்துக்குச் சரியா வர்றாரு!"

இறங்கித் தொப்பியைக் கழற்றினேன். "தப்பு என்னோடதும்மா. நான் காலைச் சாப்பாடுன்னு நினைச்சு எட்டு மணிக்கே வந்து..."

பிரேபன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மீன் பொட்டலத்தை விபேகே கையில் திணித்துவிட்டு, அங்கேயே கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"எட்டு மணிக்கு வந்தியாடா? ஐயோ! நார்வேக்காரனுக்கு எழுதறமேன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல பாரு நான். சரி, எவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டுப் போன?"

"ரொட்டிக்கடை வரைக்கும்."

"போகவும் வரவுமா? அந்தத் தோளை வெச்சுக்கிட்டா?" சிரிப்பு நின்றது. எழுந்து வந்து கயிற்றை அவிழ்த்தான். "உள்ள என்ன இருக்குன்னாவது பார்த்தியா?"

தார்ப்பாயை விலக்கினான். பழைய கம்பளியில் சுற்றி, படகு மோட்டார் ஒன்று படுத்திருந்தது. மேலுறை புதிதில்லை, சாம்பல் வண்ணம் அடித்திருந்தான். ஆனால் திருகாணி ஒவ்வொன்றும் பளபளத்தது.

"உன் பணத்தைச் சேர்த்து வைக்கவே முடியல ஓட்வாரு. சேர்ற அன்னிக்கே செலவாயிடும், என் புத்தி அப்படி. அதான் பழைய மோட்டார் ஒண்ணு பிடிச்சு, கிடைச்சப்பல்லாம் ஒவ்வொரு சாமானா வாங்கிப் போட்டேன். போன வாரம்தான் ஓடுச்சு. சாப்பிட்டுட்டு கப்பல் வரைக்கும் கொண்டுவந்து விடலாம்னு ராத்திரியே இவ வண்டியில ஏத்தி வெச்சேன்."

"இது ஐயாயிரத்து நானூறுக்கு மேல போகும்யா."

"உங்க குரோன் இளைச்சுப்போய்க் கிடக்கே, அதுல கணக்குப் பார்த்தா மேலதான் போகும்," என்றான். "மிச்சத்துக்கு விபேகேவுக்கு வண்டி வாடகை குடு."

"வாடகை வேண்டாம்," என்றாள் விபேகே. "என் வண்டியில கைவெச்சவரு மீனை உரிக்கட்டும்."

உரித்தேன். கம்பு ரொட்டியின்மேல் மீனும் வெங்காயமும் வைத்து, சின்னக் கோப்பையில் சாராயம் ஊற்றினார்கள். எதிர்க்கூரைக்காரர் குழலை ஊதத் தொடங்கியிருந்தார். பாட்டு ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி நின்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சாப்பாட்டின் நடுவில் மால்ஃப்ரிட் கூப்பிட்டாள்.

"பணம் வந்துச்சா?"

"இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல? பாட்டுச் சத்தம் வேற கேக்குது."

"மால்ஃப்ரிட், அந்தத் துடுப்பு ரெண்டையும் எடுத்துக் கொட்டகையில போட்டுடு. கணக்கு தீர்ந்துடுச்சு."