கொடிமலையில் இல்லாத குருவி

1.
இந்தக் கதை என் மனைவி ஜன்னத்தின் வலது கண்ணிலிருந்து வந்தது. இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் அறுவை செய்த டாக்டர், "வெளிச்சம் வரும், நிறம் வருமான்னு பார்ப்போம்" என்றார். ஜன்னத், மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைப்பவள். நூலின் நிறம் தெரியாவிட்டால் மிஷினை மூட வேண்டியதுதான்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில், எழுதிக்கொண்டிருந்த கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன்:

"கொடிமலை உச்சியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குருவி. சாம்பல் தலை, பாசிப்பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதைப் பார்த்த..."

(யார் பார்த்தது? தெரியவில்லை. குருவி வந்துவிட்டது, ஆள் வரவில்லை.)

2.
கட்டுப் பிரித்த வாரம், எங்கள் தீவில் இருக்கும் அந்தக் கொடிமலைக்கே மலை ரயிலில் அவளைக் கூட்டிப்போனேன். ஒரு கிளையைக் காட்டினாள்.

"என்னாங்க, அதோ. சாம்பல் தலை, பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. கண்ணச் சுத்தி வெள்ளையா வளையம்."

எனக்கு இலைதான் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாலு பேர் பார்க்க அழுதுவிட்டேன்.

(புத்தியுள்ள எழுத்தாளன் இங்கேயே முடித்திருப்பான்.)

3.
மாதாமாதம் மலையில் பறவை எண்ணும் பக்கத்து வீட்டு ஐரீன் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அது இங்க கிடையாதுலா அண்ணே. கேமரன் மலைப் பக்கம், மூவாயிரம் அடிக்கு மேலதான் இருக்கும். நம்ம மலைக்கு அந்த உயரம் பத்தாது. புக்குல மாப் பார்க்கலையா?"

பார்க்கவில்லை. பறவைப் புத்தகத்தில் படத்தைப் பார்த்து எழுதினேன், வரைபடம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஜன்னத் சொன்னது குருவியை அல்ல, என் வாக்கியத்தை. வரிசைகூட மாறவில்லை.

4.
மாற்று முடிவுகள்:

அ) அவளிடம் நேரே கேட்கிறேன். அவள் தலைகுனிந்து... (இந்த வரியை அடித்துவிட்டேன். என் ஜன்னத் தலைகுனிகிறவள் அல்ல.)

ஆ) குருவி வழிதவறி வந்தது. ("ஃபெரி ஏறியா அண்ணே?" என்றார் டீச்சர்.)

இ) நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவதைத்தான் தேர்ந்தேன். நேற்று இரண்டாம் பகுதிவரை படித்துக் காட்டி நிறுத்தினேன்.

"டீச்சர் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

தாளை மடித்து வைத்தேன்.

"மஞ்சள் இன்னும் வரலீங்க. வெளிச்சம் தெரியுது, உங்க மொகம் தெரியுது. ரயில்ல ஏறுனதுலேர்ந்து எறங்குறவரைக்கும் என் கைய விடவே இல்ல நீங்க. பாவமா இருந்துச்சு. அதான் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

பிறகு, "கதையில நான் பார்த்ததாவே இருக்கட்டும். நெசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுங்க" என்றாள்.

5.
ஐரீன் டீச்சர் மன்னிக்க வேண்டும். தப்பென்று தெரிந்தே குருவியைக் கொடிமலையில் விட்டிருக்கிறேன். தன் கண்ணே நிச்சயமில்லாதபோது என் பயத்தைப் பார்த்தாளே, அந்த மனுஷிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இந்தக் கதையை எழுதித்தான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி டாக்டர். அந்த முடிவை எழுத எனக்குத் தைரியம் இல்லை, அது உங்கள் வேலை. மஞ்சள் தெரிந்ததாகவே எழுதுங்கள்.