மா கின்னின் மகள்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், பலூன் கேட்டு அழுத மகள் மலர்க்கொடியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸைத் தேடினாள் மா கின். பர்மாவிலிருந்து புருஷன் காசிநாதனோடு கப்பலேறி வந்து எட்டு மாசம்தான் ஆகிறது.

பாலம் கட்டப் பலிக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு. பூக்காரி சௌந்தரம் வழிமறித்தாள்.

"ஏ பாப்பா, யாருடி இவ?"

"எங்கம்மா."

"அம்மாவா? நீ எங்கூட்டுப் புள்ளையாட்டம் பேசற. இவ மூஞ்சியப் பாரு! ஏம்மா, இது யாரு புள்ள?"

மா கின்னுக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தையும் பயத்தில் ஓடிவிட்டது. ஒன்றுதான் மிஞ்சியது.

"வாங்க."

"எங்கடி வரச் சொல்ற, பாலத்துக்கா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் கோவிந்தசாமி வந்து குழந்தையின் கையைப் பிடித்தார்.

"எங்கம்மாதான் சார். பர்மாலேர்ந்து வந்து எட்டு மாசம் ஆவுது."

"சொல்லிக் குடுத்திருப்பா. அப்ப அந்தப் பாஷையில ரெண்டு வார்த்தை பேசு, பாப்பம்."

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். தெருப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அவள் விட்டுவிட்ட பாஷை அது.

"வரல சார். மறந்துட்டேன்."

"ஆங்! பாத்தியா?" என்றாள் சௌந்தரம்.

போலீஸ்காரர் குழந்தையைத் தம் பக்கம் இழுத்தார். மா கின் தன் பாஷையில் என்னவோ கத்தினாள்.

"மெரட்டுறா சார்!"

"இல்ல, முட்டியக் காட்டச் சொல்றாங்க." மலர்க்கொடி பாவாடையை உயர்த்தினாள். முழங்காலில் பழைய தழும்பு. "கப்பல்ல வுழுந்தேன்."

கோவிந்தசாமி தழும்பைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கையை விட்டார்.

"மறைஞ்சிருக்கற தழும்பு பெத்தவளுக்குத்தான் தெரியும். ஆனா இதுக்கு எட்டு மாசத்துல இந்தப் பேச்சா! எம் பொண்டாட்டி தெலுங்கு. பதினஞ்சு வருஷமாச்சு, எனக்கு ஒரு வார்த்தை ஏறல. போம்மா, போ."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மா கின் மகளின் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள். பயந்தாயா என்று மகளைத் தன் பாஷையில் கேட்டாள்.

"ஆமாம்மா."

மகளுக்கு இன்று கேட்டாவது புரிந்தது. இன்னும் எட்டு மாசம் போனால்? மகளைத் தொட்டு, தன் வாயைத் தொட்டு, ஜாடை காட்டினாள்.

மலர்க்கொடிக்குப் புரிந்தது. "சொல்லு. இது எம் புள்ள."

"இடு... எம்..."

"அப்பிடி இல்லம்மா. இது."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். மா கின் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். கடலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.