ஆறில் லாபம் போனால்

ஆறிலிருந்து ‘லாபம்’ என்ற சொல்லைக் கழித்து, விடை ஐந்து என்று கம்ப்யூட்டரையே சொல்லவைத்தவன் நான். தென்காசியில் இதை நான் சொல்லாத டீக்கடை இல்லை. நம்பிய டீக்கடையும் இல்லை.

ஐந்தருவிப் பக்கம் பழக்கடை போட்டிருக்கும் சங்கரேஸ்வரிக்கு மானியத்தில் ஒரு குளிர்ப்பெட்டி வேண்டும். ரம்புட்டான் மறுநாளே முள் கறுத்துவிடும். பாதிக் கூடை குப்பைக்குத்தான். பெட்டி வேண்டுமென்றால், வியாபாரம் ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதமாவது கூட்டு வளர்ச்சி கண்டிருக்க வேண்டும். அதற்கு எக்ஸெல் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். எத்தனையாவது சீசன், எத்தனை கூடை என்று நிரப்பினால் சதவீதத்தை அதுவே போட்டுவிடும். ஃபார்முலாவில் கை வைத்தால் விண்ணப்பம் தள்ளுபடி. அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணிவரை.

“எக்ஸெலா? அது எனக்கு வெத்தல போடுற மாதிரி” என்று நான்தான் அவளை ஹைருன் பீவியின் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். முப்பத்தாறு வருடம் அரசாங்க ஆபீசில் பிறர் தட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம்!

அவள் நோட்டில் இருந்ததை அப்படியே ஏற்றினேன். முதல் சீசன் இருநூறு கூடை, ஆறாவது சீசன் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. சதவீதக் கட்டத்தில் எண் வரவில்லை. ‘வேல்யூ’ என்று ஆச்சரியக்குறி போட்டு அலறியது.

ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த வல்லிநாயகம் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என் பேச்சை நம்புவதில்லை என்று விரதம் எடுத்தவர்.

“வே, மொத சீசன் கட்டத்துல என்ன எழுதியிருக்கீரு?”

“நோட்டுல உள்ளதுதான். லாபம்.”

சங்கரேஸ்வரி கூடை எண்ணினால் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். சீசனையும் அப்படியே எழுதியிருந்தாள்.

“கடைசி சீசன்ல மொத சீசனக் கழிச்சாத்தான் எத்தன வருசம்னு தெரியும். ஆறுல லாபத்த எப்படிவே கழிக்கும்? ஒண்ணுன்னு போடும்.”

“ஐயோ, லாபத்த அழிச்சிராதிய அண்ணாச்சி!” சங்கரேஸ்வரி என் கையைப் பிடித்தாள். “ஒண்ணுன்னா யாவாரம் ஒண்ணோட நின்னுரும்.”

கட்டத்தைக் காலியாக விட்டேன். கம்ப்யூட்டர் அதைச் சைபராக எடுத்து, ஐந்து வருடத்தை ஆறாக்கி, சதவீதத்தைப் பதினாறில் இறக்கியது. பெட்டி போச்சு. மறுபடி லாபம் போட்டேன், மறுபடி அலறல். என் முதுகில் ஓடிய வியர்வையைப் பார்த்திருந்தால் ஐந்தருவிக்கு ஆறாவது அருவி என்று பெயர் வைத்திருப்பார்கள். மணி நாலே முக்கால். சங்கரேஸ்வரிக்குச் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலெல்லாம் சிவந்திருந்தது.

“ஏம்மா, மனசுக்குள்ளயாவது அத ஒண்ணுன்னுதான எண்ணுத?” வல்லிநாயகம் அலுத்துக்கொண்டார்.

“பொறவு? மனசுக்குள்ள ஒண்ணுதான் சார். வெளிய சொல்லக்கூடாது, அம்புட்டுதான்.”

ஹைருன் பீவி நாற்காலியைத் திருப்பினார். “அப்ப கம்ப்யூட்டரையும் அப்படியே எண்ணச் சொல்லுவோம். உள்ள ஒண்ணு இருக்கட்டும். வெளிய லாபம்னு காட்டட்டும். எந்த எண்ண எப்படிக் காட்டணும்னு சொல்ல அதுல எடம் இருக்கு அண்ணாச்சி. தள்ளுங்க.”

தட்டியது அவர் விரல். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்தவன் நான். நான் எழுந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும்?

கட்டத்தில் லாபம் லாபமாகவே நின்றது. சதவீதக் கட்டத்தில் இருபது வந்து உட்கார்ந்தது. ஃபார்முலாவை யாரும் தொடவில்லை. நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“இப்ப ஆறுல லாபத்தக் கழிச்சுக் காட்டச் சொல்லும்” என்றார் வல்லிநாயகம் விடாமல். ஓரத்துக் கட்டத்தில் ஹைருன் பீவி தட்டினார். ஐந்து.

வல்லிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு மூக்கு படுமளவு குனிந்தார்.

“ஆமாவே, ஆறுல லாபம் போனா அஞ்சுதான். நானே பாத்துட்டேன்.”