கீழ்வீட்டு விலாசம்

வீட்டைப் பார்க்க வரும் அம்மாள் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். யோர்லாடிஸ் இரண்டு மணிக்கே நெல்ஃபி வீட்டுச் சுவரில் தன் மகளின் படத்தை மாட்டிவிட்டாள். நெல்ஃபி அந்த மகளுக்கு ஞானத்தாய். மெடலின் நகரில், மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிச் சமதரையில் குடியிருக்கும் கொடுத்துவைத்தவள்.

யோர்லாடிஸின் சொந்த வீடு குன்றின் உச்சியில், அல்தோ பாலோமாவில். வேலை விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். குன்றுக்காரர்கள் மழை பெய்தால் வரமாட்டார்களாம், ரோப்கார் நின்றால் வரமாட்டார்களாம். சமதரைக்காரர்கள் மட்டும் நேரத்துக்கு வந்து கிழிக்கிறார்களாக்கும்! குன்றில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தெரிந்தவர் விலாசத்தை எழுதிப்போட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மூன்று மாதம் தற்காலிகமாக ஓடிவிட்டது. நிரந்தரமாக்குமுன் வீட்டைப் பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். இன்று தப்பித்தால் வேலை அவளுடையது.

வந்தவள் பெயர் ஒமைரா. கடுங்காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தாள்.

"வேலைக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம், மேடம்."

"ஆறு மணி ஷிப்ட். எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"மூணரைக்கு" என்றாள் யோர்லாடிஸ், பழக்கதோஷத்தில்.

ஒமைராவின் பேனா நின்றது. நெல்ஃபி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். "இவளுக்கு பக்தி ஜாஸ்தி மேடம்! ரெண்டு மணி நேரம் ஜெபம் பண்ணாம வாசப்படி தாண்ட மாட்டா."

"சும்மா இருடி." யோர்லாடிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் மேல இருந்து வர்றேன் மேடம். முந்நூறு படி எறங்கி, மினிபஸ் புடிச்சு, ரோப்கார் ஏறி, அப்புறம் மெட்ரோ. ஒருநாள்கூட லேட்டானதில்ல. வேணும்னா வருகைப் பதிவேட்டப் பாருங்க."

ஒமைரா காகிதத்தை மடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று யோர்லாடிஸ் தலைகுனிந்தாள்.

"எந்திரிங்க. உங்க வீட்டப் பாக்கத்தான என்னை அனுப்பியிருக்காங்க?"

ரோப்கார் வரைக்கும் ஒமைரா சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். மினிபஸ்ஸில் வாயை மூடிக்கொண்டாள். படிக்கட்டில் நான்கு தடவை உட்கார்ந்தாள். கடைசி நூறு படியைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"தெனமுமா?"

"எறங்கறப்ப சொகமா இருக்கும் மேடம். ஏறறப்பதான் காலு கெஞ்சும்."

தகரக்கூரை வீட்டில் ஒமைரா தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

"விலாசத்த மட்டும் மாத்திராதீங்க மேடம்" என்று யோர்லாடிஸ் கெஞ்சினாள். "மாத்துனா என்னை வெச்சுக்க மாட்டாங்க."

"மாத்தத்தான் போறேன். இம்புட்டு தூரம் ஏறி வந்தத எழுதாம விடுவேனா? ஒருநாளும் லேட்டில்லங்கறதயும் அதுக்குப் பக்கத்துலயே எழுதறேன். அவங்க படிச்சுப் பாக்கட்டும்."

அடுத்த வாரம் சலவைக்கூடத்துக்கே பணியாணை வந்தது. யோர்லாடிஸின் பெயருக்குக் கீழே அல்தோ பாலோமா என்று அச்சடித்திருந்தார்கள். தன் ஊர்ப் பெயரை ஒரு வேலைக் காகிதத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல், துவைத்த துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.