கீழ் மேய்ச்சலில் அடுப்புப் புகை

டாஸ்மேனியாவின் வடகரையில், லிண்ட்சே ஹாட்ஜெட்ஸின் பால் பண்ணையில், ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் சிங்கி இறால்களின் வளைகளிலிருந்து விறகுப் புகை வந்தது. கட்டைவிரல் நீளமே உள்ள இறால்கள் அவை. ஓடைக்குப் போகாமல், ஈர மண்ணில் நீர் ஊறும் ஆழம்வரை வளை தோண்டி, வாயைச் சுற்றி மண் உருண்டைகளைப் புகைபோக்கி போல அடுக்கிக் குடும்பமாக வாழும். பண்ணையின் பள்ளத்தில் இருந்த கீழ் மேய்ச்சல் நிலம் முழுக்க அந்தப் புகைபோக்கிகள்தான். முந்தைய குளிர்காலத்தில் அங்கே ஒரு கறவை மாடு சேற்றில் புதைந்து செத்ததால், அந்த வெள்ளிக்கிழமை இயந்திரம் வைத்து வடிகால் வெட்ட லிண்ட்சே ஏற்பாடு செய்திருந்தார்.

மண்ணுக்கடியில் மக்கிய வேர்களில் தீப்பிடித்தால் மாதக்கணக்கில் எரியும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் ஊர்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். படைத் தலைவர் டார்சி பக்கத்துப் பண்ணைக்காரர். பால் கறக்கும்போது போட்டிருந்த பூட்ஸோடு வந்து தண்ணீர் பாய்ச்சினார். புகை கூடியது. ஒரு வளையை மண்வெட்டியால் பிளந்து பார்த்தார்கள். அடியில் கையளவு குட்டை. அதில், வாலடியில் குஞ்சுகளைச் சுமந்த ஓர் ஆரஞ்சு நிற இறால். நெருப்பு இல்லை.

"தீ இல்லடா இது. யாரோ காலைச் சாப்பாடு செய்றாங்க," என்றார் டார்சி.

"உன் மூக்குக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்புதான்," என்றார் லிண்ட்சேயின் மனைவி கிளெனிஸ். பிறகு கணவரிடம், "தண்ணிய வடிச்சிட்டா இதுங்க எங்க போகும், லிண்ட்ஸ்?"

"மாடு செத்தப்ப அழுதது நீதானே?"

"அழுதேன். வேலி போடச் சொன்னேன். யார் வீட்டையும் இடிக்கச் சொல்லல."

மறுநாள் மற்ற வளைகள் எல்லாம் புகைந்தன. பிளந்தது மட்டும் புகையவில்லை. லிண்ட்சே வேறு வேலை இருப்பதுபோல அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். வியாழன் மாலை மண்ணை உருட்டி உருட்டி அந்த வாயைத் திரும்பக் கட்டினார். அவருடைய தடித்த விரல்களுக்கு அது சரியாக வரவில்லை. தீக்குச்சி அளவில் சீவிய காய்ந்த விறகைப் பக்கத்தில் வைத்தார். கிளெனிஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை காலை விறகு இல்லை. புகை வந்தது, மற்றவற்றைவிடச் சற்று மெல்லியதாக. இயந்திரம் வாசலோடு திரும்பியது. ஓட்டுநருக்குத் தேநீர் கொடுத்தார்கள். வேலி போட்டார்கள். மாடுகள் மேட்டில் மேய்ந்தன, பால் கொஞ்சம் குறைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் குளிருக்கு முன் வீட்டுக்கு விறகு பிளக்கும்போது, கீழ் வேலியோரத்துக்கும் சீவி அடுக்குகிறார் லிண்ட்சே. அந்த வழியாகப் போகிறவர்கள், இந்த வருஷ விறகு நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் கேட்கிறார்கள்.